ஒரே உறைக்குள்

தெவாக்கானில் மக்காச்சோளம் மஞ்சள்தான்.
வாய்க்கால் நீலம்.
எங்கோ யாருக்கோ
கறுப்புக் கால்சட்டை பிடித்துப்போன வருஷம்
வாய்க்காலும் கறுத்தது.

ஒன்பது வருஷம் சலவை ஆலையில்
நுரைக்கல் போட்டு ஜீன்ஸ் வெளுத்தவன் நான்.
கல்யாணப் படத்தைப் பெரிதாக்கினால்
நகக்கண்ணில் தெரியும்.
இப்போது எவுலாலியாவின் ஆய்வுக்கூடத்தில்
குடுவை கழுவுகிறேன்.
அண்ணன் நிகானோர் இன்னும் அங்கே கங்காணி.
அவன் வடிகாலில் நான் மாதிரி எடுத்த நாளோடு
பேச்சு நின்றது.

வெள்ளைப் பொடி, டைட்டானியம்,
சுவர்ப் பூச்சில் இருக்கிற அதே சாதுதான்.
வெயில் பட்டால் வெறி.
சாயமா, சோப்பா, கஞ்சியா, பார்க்காது,
எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கும்.

நொதி வேறு மாதிரி.
மட்கிய மரத்தில்
ஆரஞ்சுக் காது முளைக்குமே, அந்தக் காளானுடையது.
நீலத்தைத் தேடிப் போய்
முடிச்சு அவிழ்ப்பதுபோல் அவிழ்க்கும்.
இருட்டிலும்.

மார்ச்சில் இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டோம்.
நாற்பது நிமிஷம் தண்ணீர் வெளுத்துக்கொண்டே வந்தது.
சோடா வாங்கி வந்து
மூடி திறப்பதற்குள்
மானியில் கோடு படுத்துவிட்டது.
பொடி, நொதியைத் தின்று முடித்திருந்தது.
ஒரே உறையில் இரண்டு கத்தி,
தெரிந்த கதைதானே என்று
நான் தொட்டியைக் கவிழ்க்கப் போனேன்.

எவுலாலியா கேட்டாள்:
அந்தக் கோபம் எவ்வளவு தூரம் நடக்கும்?

கணக்குப் போட்டாள்.
வெயிலில் பிறக்கிற அந்த மூர்க்கம்
கண்ணிமைக்கும் நேரத்தைக்
கோடியாய் நறுக்கினால் அதில் ஒரு துண்டுகூட வாழாது.
ஒரு மயிரிழையின் அகலத்தைக் கடக்குமுன்
செத்துவிடும்.

அவ்வளவுதானா.
கடற்பாசிக் கூழை மணிமணியாய் உருட்டி
நொதியை உள்ளே குடிவைத்தோம்.
வெயில் நுழையாதபடி கொஞ்சம் கரி.
சாயம் மணிக்குள் போய் வரலாம்,
வெறி வாசலோடு சரி.
அதே தொட்டி, அதே தண்ணீர்,
பக்கத்துப் பக்கத்தில்.

ஆறாம் நாளும் கோடு நின்றது.
தண்ணீர் தெளியவில்லை முழுசாய்,
பால் விடாத தேநீர் நிறம்.
அதில் இருபது லெட்யூஸ் விதை போட்டேன்,
பதினொன்று முளைத்தது.
குழாய்த் தண்ணீரில் பத்தொன்பது.
எவுலாலியா இரண்டு எண்ணையும்
ஒரே அளவில் எழுதச் சொன்னாள்.

வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவே
கள்ளிவேலி.
மாலையில் அங்கே போய் நின்றேன்.
அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றிக் கை கழுவும் சத்தம்,
வெகுநேரம்.
அந்த நீலம் சோப்புக்குப் போகாது,
எனக்குத் தெரியும்.
பதினொன்று, என்றேன்,
கள்ளியைப் பார்த்து.
தண்ணீர்ச் சத்தம் நின்றது.