சொந்தமாக ஒரு முழம்

டெல்ஃப்சைலில், துறைமுகத்துக்கு இறங்கும் தெருவை
இந்த ஆண்டு மட்டும் மூன்று முறை தோண்டினார்கள்.
மார்ச்சில் ஆரஞ்சுக் குழாய்.
ஜூனில் பச்சை.
மழை விடாத அக்டோபரில் நீலம்.
மூன்று கம்பெனி ஆட்களும் பெயர்த்துப் பெயர்த்து வைத்ததில்
இருபத்தேழாம் எண் வாசலில் ஒரு நடைபாதைக் கல்
இன்னும் ஆடுகிறது.
மிதித்தால் சேற்றைத் துப்பும்.

எங்களுக்குச் சொந்தமாக ஒரு முழக் கம்பி கிடையாது.
சைக்கிள் கடை மாடியில் இரண்டு அறை.
நான், ஹில்யா,
செவ்வாய்தோறும் வரும் கணக்கர் ஷூர்ட்.
பதினோரு ஆண்டாக மாறாத
ஒரு தொலைபேசி எண்.

ஆரஞ்சிலிருந்து ஒருவர் வந்தார்.
குறுகிய படியில் தலை குனிந்து ஏறி,
காப்பியைத் தொடாமல் கேட்டார்:
"இழை எங்களுடையது, வீடு அவர்களுடையது.
நடுவில் நீங்கள் எதற்கு?"

ஹில்யா பதில் சொல்லவில்லை.
பச்சைக்காரர்கள் அனுப்பிய விலைத்தாளை
மேசைமேல் அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.
ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் ஒன்றரை யூரோ குறைவு.
அதன் பிறகுதான் அவர் காப்பியைக் குடித்தார்.
ஆறிப்போயிருந்தது.

நவம்பர் புயலில்
மதகருகே யாரோ ஒருவரின் மண்வாரி
ஆரஞ்சைக் கடித்துத் துண்டாக்கியது.
சுவரில் பச்சையும் இருந்த வீடுகளை
விடிவதற்குள் அதற்கு மாற்றிவிட்டோம்.
மீன்கடை நீல்ட்ய காலையில் கார்டு தேய்த்தாள்,
ரசீது வந்தது,
அவளுக்கு ஒன்றும் தெரியாது.

மற்ற அறுபத்து நான்கு வீடுகளையும்
ஹில்யா ஒவ்வொன்றாக அழைத்தாள்.
"எப்போது சரியாகும் என்று எனக்கே தெரியாது.
தெரிந்ததும் கூப்பிடுகிறேன்."
கூப்பிட்டாள்.
எங்கள் சரக்கு இவ்வளவுதான்,
இதற்குக் குழாய் வேண்டாம்.

இரவு ஒன்று நாற்பதுக்கு ஓர் அழைப்பு.
பெயர் சொல்லத் தயங்கிய குரல்.
தன் கம்பெனியின் உதவி எண்ணில்
நாற்பத்து மூன்றாவது ஆளாக
ஒரு மணி நேரம் பியானோ கேட்டவராம்.
"எங்கே அறுந்தது என்று
உங்களுக்காவது தெரியுமா?"

தெரியும். சொன்னோம்.
எந்தப் பெட்டி, எந்தத் திருப்பம், யாருடைய மண்வாரி.

டிசம்பரில் அவர் வீட்டுக்கும் எங்கள் ரசீது போனது:
இணைப்பு, பச்சை வழி.
முப்பத்தெட்டு யூரோ.
ஷூர்ட் அந்த வரியை இருமுறை படித்து
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

நாளை நீலக்காரர் வருகிறார்.
அவரும் அதையேதான் கேட்பார்.
படிக்கட்டு பல்பு போய்விட்டது,
மாற்ற வேண்டும்.