நேர் கீழே

எட்டாம் மாடிக்கு லிஃப்ட் கிடையாது.
நூற்று இருபத்தாறு படி,
கேஸ் சிலிண்டர் தூக்கிய அன்று எண்ணினேன்.
நாற்பத்தேழாம் தெருவின் இந்த வரிசையில்
ஃபைபர் இணைப்பு வந்த ஒரே வீடு என்னுடையது.
இதில் பெருமை ஒன்றுமில்லை.
கம்பி இழுத்த பையன் வழிதவறி ஏறிவிட்டான்,
இறங்க அலுத்து இங்கேயே மாட்டிவிட்டான்.

அதன் பிறகு பாஸ்வேர்டு கேட்டுக்
கதவைத் தட்டாதவர் பாக்கி இல்லை.

ஆன்டெனா செய்யப் போகிறேன் என்றதும்
ஜுலைகா கழுத்திலிருந்த அளவுநாடாவைக் கழற்றித் தந்தாள்.
அடையாள அட்டையில் அவள் கின் சோ வே.
ஏழாம் மாடி. எனக்கு நேர் கீழே. தையல்.

ஒன்றேகால் அங்குலம், அதில் ஒரு மயிரிழை குறைவு.
"கோட்டுக்குப் போடும் காஜா அளவுதானே,
இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்" என்றாள்.

நடுவில் ஒரு செம்புக்கம்பி, நிமிர்ந்து.
சுற்றி நான்கு, கீழ்நோக்கிச் சாய்ந்து.
காற்று துணியைக் கொண்டுபோன குடை.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய கரண்ட் வரவில்லை.
ஈயம் பற்றவைக்கும் கோலைக் கரியடுப்பில் காய்ச்சினேன்.
முதல் பற்று சாம்பல் பூத்து உதிர்ந்தது.
இரண்டாவதில் ஈயம் சட்டென்று மினுங்கி ஓடியது.
பாகுக்குப் பதம் பார்த்தவர்களுக்கு
அந்தக் கணம் தெரியும்.

மழைக்கு மூடியாக ஒரு காலி தனாக்கா டப்பா.
கேபிள் இரண்டு முழம், அதற்கு மேல் இல்லை,
ஒவ்வொரு முழமும் கூலி கேட்கும்.
தண்ணீர்த் தொட்டியோடு கட்டிய மூங்கிலில் ஏற்றினேன்.

எதிர்வரிசையில் கணக்கர் தங்கப்பழம் கை காட்டினார்.
மூலை வெற்றிலைக் கடையிலிருந்து கோ டுன் லின்
மூன்று விரல் நீட்டினான்: மூன்று கோடு.
பின்சந்தில் நர்சிங் படிக்கும் எஸ்தர்.
பள்ளிவாசல் பக்கம் யாரென்றே தெரியாத இருவர்.
புறா வந்து உட்கார்ந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் குறைந்தது,
பாரபட்சமில்லாமல்.

ஏழாம் மாடியில் மட்டும் ஒன்றுமில்லை.

பில்லின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினேன்.
இது வீசுவது பந்து மாதிரி இல்லை, ஜுலைகா.
உளுந்து வடை மாதிரி.
நடுவில் ஓட்டை, ஓட்டைக்குள் கம்பி.
நேர் மேலே வானம், அதற்குக் கேட்காது.
நேர் கீழே நீ.

"அப்படியென்றால் நான் குடியிருப்பது ஓட்டையில்."
நாடாவை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு
இறங்கிப் போனாள்.

மூங்கிலைச் சாய்த்துப் பார்த்தேன்.
அவளுக்கு அரைக் கோடு வந்தது.
வெற்றிலைக் கடையிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது.
நிமிர்த்திவிட்டேன்.

ரங்கூனில் பால்கனிக்குப் பால்கனி ஒரு கயிறு தொங்கும்.
கீழ்நுனியில் கிளிப், மேல்நுனியில் மணி.
பேப்பர்காரன் மாட்டிவிட்டு இழுப்பான்,
மோஹிங்கா பொட்டலமும் அப்படித்தான் ஏறும்.
என் கயிறு அவள் சன்னலை உரசிக்கொண்டு இறங்குகிறது,
எத்தனையோ வருஷமாக.

இப்போது அவள் வாடிக்கைக்காரர்கள்
அளவு அனுப்புவது என் போனுக்கு.
இடுப்பு முப்பத்திரண்டு. தோள் பதினாலரை.
கை மட்டும் கொஞ்சம் லூசாக.
எழுதிக் கிளிப்பில் மாட்டிப் பத்தடி இறக்குவேன்.
அதே சீட்டு திரும்ப ஏறி வரும்:
"இது ஒன்றா, ஏழா?
உன் கையெழுத்துக்கு முதலில் ஒரு ஆன்டெனா வை."

நேற்று ராத்திரி மறுபடியும் கரண்ட் போனது.
ரூட்டர் அணைந்து, தெரு முழுக்கக் கறுப்பு,
கணக்கர் சன்னலில்கூட ஒரு வெளிச்சம் இல்லை.
மணி அடித்தது.

இழுத்தேன்.
பழைய அளவுச் சீட்டில் எண்ணெய் ஊற,
விரல் பொறுக்காத சூட்டில்,
உளுந்து வடை.

ஓட்டை போடாமல் சுட்டிருந்தாள்.