காப்புக் கண்ணாடி

மூன்று கிலோவாட்.
பள்ளிக்கூடக் கேற்றுக்கு
'யாழ்' என்று வெட்டிக்கொண்டிருந்தது.
ழகரத்தின் வால் வளைகிற இடத்தில்
ஒளி திக்கியது.
தகட்டுக்குக் கீழே பாயவேண்டிய பொறி
மேலே சீறி எழுந்தது.
யூட் அன்ரன் சிவப்புப் பொத்தானை அறைந்தான்.

கழற்றிப் பார்த்தேன்.
பத்து ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம்.
நடுவில் கறுப்பாய் ஒன்று,
எறும்பின் கண்ணளவு.
அதிலிருந்து மயிர் மயிராய் வெடிப்பு.

சோளகக் காலம்.
கோண்டாவில் செம்மண்
கதவிடுக்கு, ஏசிக் குழாய், என் பல்லிடுக்கு
எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் போகும்.
ஒரு துகள் உள்ளே வந்திருக்கிறது.
அவ்வளவுதான்.

நல்ல கண்ணாடியைச் சாய்த்தால்
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சாயல் ஓடும்.
சாயமில்லை அது, பூச்சு.
ஒளியலையை நாலாய்ப் பிரித்து அளந்து
வெற்றிடத்துக்குள் ஆவியாக்கிப் படியவிட்டது.
நான் ஒருநாளும் காணாத அறையில்
முகம் மூடிய யாரோ ஒருத்தி
தும்மலை அடக்கிக்கொண்டு செய்தது.

தாங்கும் பூச்சென்றால்
தடிப்பான பூச்சென்றே நினைத்திருந்தேன்,
குருநகரில் வள்ளத்துக்கு அடிக்கிறதுபோல.
அப்படியில்லை.
வருகிற வெளிச்சத்தில் ஒரு பிடிகூடத்
தனக்கென்று எடுத்துவைக்காததால்தான்
அது எரிவதில்லை.
எடுத்துவைத்தது தூசி.

"அக்கா, துடைச்சுப்போட்டு ஓட்டிப் பாப்பமே?"
"ஓடும். பிறகு உள்ளுக்கிருக்கிற லென்சும் போகும்.
அது உன்ர மூண்டு மாசச் சம்பளம்."
நீட்டிய பஞ்சை மடித்துப் பையில் வைத்தான்.

பெட்டியில் இருப்பது கடைசிக் கண்ணாடி.
அடுத்த பத்தும்
கொழும்புச் சுங்கத்தில் பதினோராம் நாளாக.
லேசர் பாகம் என்றதும்
எதைப் பார்க்க என்று கேட்டார்கள்.
பார்க்க இல்லை ஐயா, வெட்ட.
எதை வெட்ட?
பூ, மயில், பள்ளிக்கூடத்தின் பெயர்.
மயிலா?
அதற்கும் ஒரு படிவம்
மூன்று பிரதியில் அனுப்பினேன்.

மின்விசிறியை நிறுத்தினோம்.
வாசலில் ஈரச்சாக்கு.
கையிலிருந்த காப்பைக் கழற்றி
மேசையில் வைத்தேன்.
யூட் மூச்சை அடக்கினான்,
அவன் தூரத்தில் நின்றும்.
விளிம்பை மட்டும் பிடித்து
வட்டத்தை அதன் வீட்டில் இருத்தி
மூடியபின்தான்
இருவரும் இருமினோம்.

விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.
வால் வளைந்து முடிந்தது.
சேர்ந்த இடத்தில் ஒரு பிசிறு,
பார்த்தால் தெரியாது,
விரல் வைத்தால் பிடிக்கும்.
அரத்தை எடுத்தவன்
என்னைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தான்.

கடைசியாக, தலைமேல் புள்ளி.
வட்டமாய்ப் பிரிந்து
தட்டில் விழுந்து
கொஞ்ச நேரம் சிவப்பாய்க் கிடந்தது.