உதை

வினிபெக்கில் தை மாதம், விடிய நாலே முக்கால்,
சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
என் பழைய கொறொலாவின் ஹீற்றர் விசிறி
தானாகச் சுற்றாது.
டாஷ்போட்டுக்குக் கீழே ஓர் உதை வேண்டும் அதற்கு.

உதைப்பது மெற்றில்டாவின் வேலை.
பக்கத்து இருக்கை அவளுடையது.
பாண் தொழிற்சாலை வரை இருபத்திரண்டு நிமிடம்,
கிழமைக்குப் பதினைந்து டொலர் பெற்றோல் காசு.
உதைக்கத் தொடங்கியதிலிருந்து பன்னிரண்டுதான் தருகிறாள்.
“மிச்சம் மூண்டும் என்ர சப்பாத்துக்கு.”

அந்த உதைக்கு ஒரு பக்குவம் இருந்தது.
மெல்லத் தட்டினால் மோட்டார் முனகிவிட்டுப் படுத்துவிடும்.
ஓங்கி விட்டால் பெட்டி திறந்து
இன்சூரன்ஸ் தாள், கெச்சப் பக்கற்று எல்லாம் மடியில் கொட்டும்.
குதிக்காலால், கொஞ்சம் இடப்பக்கம் சரித்து,
ஒன்றே ஒன்று.
எழும்பும் அது,
கல் அகப்பட்ட அரைக்கும் மில்லைப் போல.
காது நிறைய இரைச்சல்,
கால்விரலுக்கு மட்டும் சூடு.

இரைச்சலுக்குள் அவள் கதைத்துக்கொண்டே வருவாள்.
கண்ணாடியில் நான் சுரண்டிவைத்த
உள்ளங்கையளவு ஓட்டைக்குள்ளால்
மக்பிலிப்ஸ் தெருவைத் தேடியபடி
ஓம் என்பேன்.
ஓமோம் என்பேன்.

பிறகு ஒரு வியாழன், உதையும் பலிக்கவில்லை.
நாலு, ஐந்து.
சிவப்பு விளக்கில் நானும் சுற்றி வந்து ஒன்று போட்டேன்.
பின்னால் நின்ற பனி வழிக்கும் லொறிக்காரன்
ஹோர்ன் அடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.
அவனுக்கும் ஒரு பழைய கார் இருந்திருக்கும்.

சனிக்கிழமை. அறுபத்துநாலு டொலர், புது மோட்டார்.
பக்கத்து இருக்கையின் காலடியில் தலைகீழாகப் படுத்தேன்.
கால்கள் கதவுக்கு வெளியே,
பிடரிக்குக் கீழே அவளுடைய சப்பாத்து கொண்டுவந்த உப்பு.
மூன்று ஸ்குரூ.
இரண்டு கண்ணுக்குத் தெரியும்.
மூன்றாவதை விரல்தான் பார்க்க வேண்டும்,
விரலோ பார்வையை இழந்து அரை மணியாகிறது.
சுழன்று வந்தது, விழுந்தது, கம்பளத்துக்குள் போனது.
அதை நான் என்னவெல்லாம் சொல்லி அழைத்தேன் என்பது
இங்கே வேண்டாம்.

கழன்று கையில் வந்தது பழையது.
உள்ளே கரித்துண்டு இரண்டும்
உளுந்தளவு தேய்ந்திருந்தன.
விசிறிக் கூட்டுக்குள் எல்ம் இலைச் சருகு,
பல்லால் கிழித்த கடதாசிக் கைதுடைப்பான்,
சூரியகாந்தி விதைக் கோது.
ஓர் எலி குடியிருந்து,
எங்களுக்குச் சொல்லாமல் வீடு மாறிப் போயிருந்தது.

திங்கள். அவள் ஏறினாள், பெல்ட் போட்டாள்,
பழக்கத்தில் குதிக்கால் உயர்ந்தது.
“வேண்டாம்” என்று குமிழைத் திருப்பினேன்.
காற்று வந்தது. முகத்துக்கே வந்தது.
சத்தம் இல்லை.
சிக்னல் விளக்கு டிக் டிக் என்பதை
இந்தக் காரில் முதல்முறையாகக் கேட்டேன்.
அவள் மூக்கை உறிஞ்சுவதையும்.

“அப்ப, சனிக்கிழமை எத்தினை மணிக்கு வாறாய்?”
“எங்கை?”
அவள் என் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.
“மூண்டு கிழமையாச் சொல்லுறன்.
பிராண்டனிலை வேலை கிடைச்சிட்டுது, போறன் எண்டு.
சோபா தூக்க வாறன் எண்டாய்.
சந்தோசம்தானே எண்டு கேட்டன்,
அதுக்கும் ஓம் எண்டாய்.”

குமிழை ஒன்றுக்குக் குறைத்தேன்.
அதற்குக் கீழே பூச்சியம்தான்.
தெரு முழுதாகத் தெரிந்தது,
எங்கும் பனிமூட்டமில்லை,
பார்க்காமல் இருக்க ஒரு சாட்டும் இல்லை.
“எட்டு மணிக்கு” என்றேன்.

தொழிற்சாலை வாசலில் வழக்கமான பன்னிரண்டை எண்ணித் தந்தாள்.
இறங்கி, குனிந்து, யோசித்து,
இரண்டு டொலர்க் குற்றி ஒன்றும்
ஒரு டொலர்க் குற்றி ஒன்றும்
கோப்பி வைக்கும் குழிக்குள் போட்டாள்.
இரண்டும் தனித்தனியாகக் கேட்டன.