பதினெட்டு நாள் பன்

நெல்லிக்குப்பம் பேக்கரியில்
முந்தாநாள் மீந்த பன், ஒன்று மூன்று ரூபாய்.
தினம் பதினொன்று.
யாருக்குக்கா இத்தனை என்று கேட்ட பையனிடம்
பன்றிக்கு என்றேன்.
சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

சர்க்கரை ஆலைச் சங்கு ஊதும் நேரம்
பன்னைப் பிட்டு, நடுவில் குழித்து,
ஐந்து மில்லி எண்ணெய் ஊற்றுவேன்.
வெளிர் மஞ்சள்.
விரலிடுக்கில் வழிந்து முழங்கை வரை போகும்.
ஒவ்வொருத்தியும் தன் பங்கைத் தானே தின்ன வேண்டும்,
பக்கத்து மூக்கு நுழையக் கூடாது,
ஒரு நாள் தப்பினால் எல்லாம் தப்பும் என்று
தனவேல் மூன்று முறை சொல்லியிருந்தார்.
கையுறை ஒரு ஜோடியும் தந்தார்.
நாலாம் நாள் பெருவிரலில் கிழிந்தது.
வாங்கித் தரேன் என்றார்.

இது என்ன செய்யும் என்று கேட்டதற்கு
நிறுத்தி வைக்கும் என்றார் டாக்டர் கார்குழலி.
பதினொன்றும் பதினொரு நாளில் பருவத்துக்கு வந்தால்
பதினொரு ராத்திரி
யார் கண்விழித்துக் குட்டி வாங்குவது?
எல்லாரையும் வாசலில் நிறுத்திவிட்டு
ஒரே நாளில் கதவைத் திறக்கிற வேலை.
அப்புறம் மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாள்.
வளர்ந்ததும் பாலக்காட்டு லாரிக்கு
ஒரே லோடு.

எனக்குச் சட்டென்று புரிந்தது.
செடலுக்கு முந்தின வாரம்
நாத்தனார் என் உள்ளங்கையில் திணித்த
மாத்திரை அட்டை.
ரெண்டு வேளை போடு, நாள் தள்ளிப் போகும்.
போட்டேன்.
அம்மனுக்கு முன்னால்
சுத்தமாக, தலைவலியோடு நின்றேன்.

பன்னிரண்டாம் நாள் எனக்கு வர வேண்டியது.
வரவில்லை.
பதினைந்திலும் வரவில்லை.
வயது நாற்பத்தொன்று.
புருஷன் ஓசூரில்;
தீபாவளிக்கு வந்து போனவர், இது மாசி.
பிள்ளை என்றால் ஊரே கேட்கும்.
நின்றுபோச்சு என்றால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.
இரண்டையும் யோசித்துக்கொண்டே
தொட்டி கழுவினேன்.

பத்தொன்பதாம் நாள் பன் இல்லை.
கம்பியைக் கடித்துக் கத்தின எல்லாம்.
கூட எனக்கும் கை என்னவோ போல இருந்தது.

நிறுத்திய ஐந்தாம் நாள்
கலெக்டரை நடத்திக்கொண்டு போனோம்.
கிடாவுக்குத் தனவேல் மகன் வைத்த பேர்.
வாயில் நுரை, நடையில் அவசரமே கிடையாது.
மூன்றாம் எண் காதை விறைத்தாள்.
இடுப்பில் கையூன்றி அழுத்தினேன்,
பிறகு ஏறியே உட்கார்ந்தேன்.
நேற்றுவரை நெருங்க விடாதவள்
கல்லாக நின்றாள்.
ஐந்தாம் எண். எட்டு. ஒன்று.
மதியத்துக்குள் ஒன்பது பேர்.

தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன்.
நானும்.

சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.
டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.
வெறுங்கையாலயா ஊத்துனீங்க?
தோல் வழியா உள்ளே போகும்,
பொம்பளைங்க தொடவே கூடாது,
பெட்டியிலேயே எழுதியிருக்கு என்றார்.
எந்த பாஷையில என்றேன்.
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம்
தனவேல் நூறு கையுறை உள்ள டப்பா வாங்கிவந்தார்.
அதை வைத்து இப்போது
கோழிக்குழம்புக்கு மசாலா பிசைகிறார் அவர் மனைவி.

நோட்டில் பதினொரு கட்டம்.
ஒன்பதில் டிக் போட்டேன், மறுநாள் காலை ஒன்று கூட்டினேன்.
ஓரத்து வெள்ளையில் சிவப்புப் பேனாவால்
ஒரு புள்ளி வைத்தேன்.
தனவேல் கேட்டால் மை கசிந்தது என்பேன்.

பத்தாம் எண் மட்டும் வரவேயில்லை.
காது கிழிந்தவள், ஓரக் கொட்டில்காரி.
ஊசி போடலாமா, கறிக்குத் தள்ளலாமா என்று
வாசலில் நின்று பேசுகிறார்கள்.

நேற்று அவள் கொட்டிலைத் தேய்த்துக் கழுவினேன்.
வைக்கோலுக்கு அடியில், சுவர் மூலையில்,
பூஞ்சை பூத்த பன்கள்.
எண்ணினேன். பதினாறு.
நான் முதுகைத் திருப்பும்வரை
கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்திருக்கிறாள்.
அவள் நாள் நடுவில் எப்போதோ
தானாக வந்து, தானாகப் போயிருக்கும்.

பன்களை முறத்தில் அள்ளி
கெடிலத்தில் கொட்டிவிட்டு வந்தேன்.
இன்னும் பத்து நாள் பொறுத்துப் பாருங்க,
வருவா என்று மட்டும் சொன்னேன்.