கே ஏ ஆர் ஆர் யூ

காலாப்பட்டு நூலகத்து வாசல் கணினியில்
டி எழுத்து தேய்ந்து வெள்ளையாகிவிட்டது.
கே ஏ டி ஆர் யூ என்று தட்டினேன்.
முடிவுகள் இல்லை.
இரண்டு ஏ போட்டேன், இல்லை.
டிக்குப் பக்கத்தில் இன்னொரு டி, பிறகு ஒரு எச்.
பேச்சுவாக்கில் காத்து என்று போட்டதற்கு
காது மூக்கு தொண்டை மருத்துவம்,
மூன்றாம் பதிப்பு, நான்கு படிகள்,
நான்கும் வெளியே.

வாடை என்றேன்.
வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், விளக்கவுரையுடன்.
கச்சான் என்றேன்.
கச்சத்தீவு குறித்துப் பதினொன்று.
கொண்டல் என்றதற்கு
நீங்கள் தேடியது கண்டலா என்று கேட்டது,
இல்லை என்று சொல்ல அதில் பொத்தான் இல்லை.
சோழகத்துக்குச் சோழர்கள் வந்தார்கள்
எண்ணூற்று நாற்பது பேர்,
கல்வெட்டும் செப்பேடுமாக,
திரைக்கு இருபது பேர் வீதம் வரிசையில் நின்றார்கள்.

மீனவர் வாயில் காற்றுக்கு எத்தனை பெயர் என்பது
என் ஆய்வின் இரண்டாம் இயல்.
அதற்கென்றே ஒரு சிறுநூல் உண்டென்று
எங்கோ ஓர் அடிக்குறிப்பு சொல்லியிருந்தது.
அடிக்குறிப்பை நம்பிக்
கடலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன்,
டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம்.

அந்துவான் எட்டிப் பார்த்தான்.
பதிவேற்றும் பிரிவில் ஒப்பந்த வேலை,
மார்ச்சோடு முடிகிறது.
ஏழுக்கு நடுவில் கோடு போட்டு எழுதுகிறவன்.
"ரெண்டு ற வந்தா ரெண்டு ஆர்.
அதாங்க எங்க விதி."
கே ஏ ஆர் ஆர் யூ.
வாய்விட்டுப் படித்தால் கர்ரு.
கட்டிப்போட்ட நாய் உறுமியதுபோல் இருந்தது.

வந்தது.

ஆசிரியர் தெரியவில்லை.
அறுபத்திரண்டு பக்கம், பதினெட்டு செ.மீ.
மடித்த வரைபடம் ஒன்று.
பின்னட்டை இல்லை.
நிலை: இருக்கிறது.

இருக்கிறது என்று நூலகம் சொல்வதும்
பூசாரி சொல்வதும் ஒன்றுதான்,
போய்த்தான் பார்க்கவேண்டும்.
எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு
நாட்டார் வழக்காறு பக்கம் திரும்பினேன்.
எண் என்னை மாடிக்கு இழுத்தது,
இயந்திரப் பொறியியலுக்கு.
தலைப்பை மட்டும் பார்த்து
யாரோ எண் கொடுத்திருக்கிறார்கள்.
கம்ப்ரஸர் பராமரிப்புக்கும்
பம்ப்செட் வடிவமைப்புக்கும் இடையே,
விரல் தடிமன்கூட இல்லாமல்,
பழுப்பாக,
கொண்டலும் கச்சானும் சோழகமும்
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன.

தரையிலேயே உட்கார்ந்து படித்தேன்.
நல்ல நூல் என்று சொல்லமுடியாது.
பாதிக்குமேல் மழையளவு அட்டவணை.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
விடியுமுன் நிலத்திலிருந்து
கடலுக்குப் போவது நிலக்காற்று என்றிருந்தது.
அதை அடித்து, பென்சிலில்,
கொக்கி கொக்கியான கையெழுத்தில்:
*யாருஞ் சொல்ல மாட்டாங்க இப்படி.
கரைக்காத்து.
மூணு மணிக்குமேல படகை அதுவே தள்ளும்.
கேட்டுட்டு எழுதுங்க.*
பெயர் இல்லை, தேதி இல்லை.

நூலில் எழுதுவோருக்கு அபராதம் என்று
தூணில் ஒட்டியிருக்கிறது.
அந்த ஆளிடம் வசூலித்தார்களா தெரியாது.
என் இரண்டாம் இயல் முழுக்க
நிலக்காற்று என்றே எழுதி வைத்திருக்கிறேன்,
பதினான்கு இடங்களில்.

அந்துவானிடம் காட்டினேன்.
பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தான்.
அழிரப்பர் எடுப்பான் என்று பயந்தேன்.
விசைப்பலகையை இழுத்தான்.
பதிவின் அடியில் குறிப்பு என்றொரு கட்டம்,
அதுவரை காலியாக இருந்தது.
'ப. 41, பென்சிலில் ஒரு திருத்தம்.'
சேமித்தான்.
எண்ணை மாற்ற அவனுக்கு அதிகாரம் இல்லை.
கம்ப்ரஸருக்குப் பக்கத்திலேயேதான் இருக்கும்.

"இன்னொண்ணும் போடறேன்," என்றான்,
காத்து என்று தட்டினாலும் இது வரும்படி.
வந்தது,
காது மூக்கு தொண்டைக்கு அடுத்ததாக.

கிழக்குக் கடற்கரைச் சாலையில்
ஐந்தே முக்கால் பஸ் ஆறரைவரை வரவில்லை.
காத்து நின்றேன்.
இடப்பக்கக் கன்னத்தில் ஏதோ ஒன்று மோதிக்கொண்டே இருந்தது.
பெயர் கேட்கலாமென்றால்
நிறுத்தத்தில் இருந்தவர்கள் எல்லாரும்
எம்.பி.ஏ. பிள்ளைகள்.