என் வண்டியில் சிவப்பு இல்லை

வால்பரைசோவில் சமதரை என்பது
துறைமுகத்தோடு முடிந்துவிடுகிறது.
அதற்கப்புறம் எல்லாம் ஏற்றம்.
எழுபத்தொன்பதாம் வருடத்துப் பெஜோ,
மூக்கு மலையைப் பார்க்க,
பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்து நிற்கிறது.
நின்ற இடமெல்லாம் கையெழுத்து.

மேல்வீட்டு நோல்பெர்த்தோ
ஒவ்வொரு கறையையும் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு
பக்கத்தில் தேதி எழுதுகிறார்.
திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.
தேதிக்கு என்ன பதில் சொல்வது?

மெக்கானிக் ஒவிதியோ குனிந்துகூடப் பார்க்கவில்லை.
"பின் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்."
மூன்று மாதச் சம்பளம்.
இன்னொருவன் நன்றாகக் குனிந்து பார்த்தான்,
நான்கு மாதம் என்றான்.

பகலில் நான் மருத்துவமனை ஆய்வகத்தில்
சிறுநீர்க் குப்பிகளின் நிறத்தை எழுதுகிறவள்.
வெளிர் மஞ்சள், கலங்கல், தேநீர் நிறம்.
சரி, இதையும் எழுதுவோம் என்று
குளிர்பதனப் பெட்டி வந்த அட்டையைப் பிரித்து
அடியில் விரித்தேன்,
சக்கரம் நிற்குமிடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு.

முதல் காலை, பச்சை.
ரேடியேட்டர் தண்ணீர். இனிக்கும், கொல்லும்;
தெருநாய் மோப்பம் பிடிப்பதற்குள் துடைத்தேன்.
ஹோஸ் கிளாம்ப்பை அரைச் சுற்று முறுக்கினேன், நின்றது.
இடது பின்சக்கரத்தின் உட்புறம்
பெயின்ட்டைத் தின்கிற வழவழப்பு.
பிரேக். அதற்கு ஒரு ஞாயிறு போயிற்று,
ரப்பர் கப் இரண்டும், விரல்மூட்டுத் தோல் கொஞ்சமும்.

மிச்சம் இருந்தது பழுப்பு.
கியர்பாக்ஸுக்கு நேர் கீழே,
ஒவிதியோ சொன்ன அதே இடத்தில்.

மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு
நாற்பது வருட அழுக்கைக் கழுவினேன்.
காய்ந்ததும் பாதத்துக்குப் பூசும் பவுடரை எடுத்து
எஞ்சின் முழுக்கத் தூவினேன்.
மணப்பெண்போல் வெளுத்து அது உச்சிவரை ஏறி இறங்கியது.
டார்ச்சும், பல் டாக்டர் கண்ணாடியும்,
முதுகுக்குக் கீழே ஈரக் கல்லும்.

வெள்ளையில் ஒரே ஒரு கறுப்புக் கோடு.
மேலே, கட்டைவிரல் அளவு ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சில் பிறந்து
எஞ்சின் விலாவில் இறங்கி
எண்ணெய்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
சரிவு சொன்னபடி பின்னால் நடந்து
கியர்பாக்ஸ் தாடையில் தொங்கி
அங்கே விழுந்திருக்கிறது இத்தனை நாளும்.
பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

புது ஸ்விட்ச் விலை
இரண்டு கிலோ ரொட்டி.

அட்டையை மாற்றினேன்.
ஒரு நாள் சுத்தம். இரண்டு நாள் சுத்தம்.
வேலையில் யாரிடமாவது சொல்லலாமா என்றுகூட இருந்தது.
மூன்றாம் நாள், இரவெல்லாம் தூறல்,
காலையில் அட்டையில் சிவப்பு.

அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டேன்.
பிறகுதான் உறைத்தது:
என் வண்டியில் சிவப்பாக எதுவும் கிடையாது.
கியர் கையால், ஸ்டீயரிங் தோளால்.
மேலும், துளி விழுந்தால் வட்டம் இருக்கும்,
விளிம்பில் முள் தெறித்திருக்கும்.
இது மேல் ஓரத்திலிருந்து
ரொட்டியில் தேநீர் ஏறுவதுபோல் ஊறி வந்திருக்கிறது.

கல்லிடுக்கைப் பிடித்துக்கொண்டே ஏறினேன்,
நான்கு எட்டு, ஐந்து எட்டு.
நோல்பெர்த்தோவின் வேன்.

கதவைத் திறந்தவர் காலில் செருப்பு இல்லை.
விரலை நீட்டினேன். முகர்ந்தார்.
"உன்னுடையதுதான்" என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை, விரலையும் மடக்கவில்லை.
சட்டைப் பையில் சாக்பீஸைத் தொட்டுப் பார்த்தார்,
எடுக்கவில்லை.

மறுநாள் அவர் வேனுக்கு அடியில்
பிரித்த ஒயின் பெட்டி ஒன்று.
தப்பான பக்கத்தில் விரித்திருந்தார்.
வேலைக்குப் போகிற வழியில், யாரும் பார்க்கவில்லை,
காலால் அதைக் கொஞ்சம் தள்ளிவிட்டேன்
இடப்பக்கமாக,
ஸ்டீயரிங் பம்புக்கு நேர் கீழே.